தடத்தைப் பின்தொடர்ந்தால் ஆப்பிரிக்கக் காட்டுநாயைப் பார்த்துவிட முடியுமா?

நீங்கள் கேட்டது இது. அடுத்த வருடம் போட்ஸ்வானா போகிறீர்கள், ஒக்கவாங்கோ ஆற்று வடிநிலப் பக்கம் நான்கு இரவுகள். காட்டுநாயைப் பார்ப்பதுதான் முதல் ஆசை. காலடித் தடத்தை வைத்து அவற்றைக் கண்டுபிடிக்க முடியுமா, ரேடியோ காலர் (இருக்கும் இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டை) மாட்டிய கூட்டமாக இருந்தால்தான் முடியுமா, கண்டுபிடித்தால் எவ்வளவு கிட்டே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "பயண ஏற்பாட்டாளர் கட்டாயம் பார்க்கலாம் என்கிறார், நம்பலாமா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. பல வருடம் சேர்த்த பணத்தோடு போகிறவருக்கு அதைவிட முக்கியம் வேறென்ன? அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கட்டாயம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆப்பிரிக்கா முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 6,600 காட்டுநாய்கள்தான் இருக்கும் என்பது 2012-ஆம் ஆண்டு மதிப்பீடு. அவற்றிலும் இனப்பெருக்கம் செய்யும் நிலையில் உள்ளவை 1,400 அளவுதான். ஒரு கூட்டம் சுற்றித் திரியும் பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர். இன்று காலை உங்கள் கூடாரத்தின் முன் படுத்திருந்த கூட்டம் நாளை காலை இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். ஆனால் வருடத்தில் மூன்று மாதம் மட்டும் இந்தக் கணக்கு மாறுகிறது. அந்த மூன்று மாதத்தில் நீங்கள் போனால், அந்த ஏற்பாட்டாளர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் முதுமலையில் இரண்டு வருடம் செந்நாய்களின் பின்னால் அலைந்தேன். அதன் பிறகு வட போட்ஸ்வானாவில் ஓர் ஆய்வுக் குழுவோடு ஆறு உலர்காலங்கள் களப்பணி. ஆகவே நான் சொல்வதெல்லாம் மொபானி மரக்காடும் மணல் சாலையும் வெள்ளச் சமவெளியும் கலந்த ஒரு பகுதியின் உலர்கால அனுபவம். தான்சானியாவின் செரெங்கெட்டி மாதிரித் திறந்த புல்வெளியில் நான் வேலை செய்ததில்லை. அங்கே இதில் சில விஷயங்கள் பொருந்தாமல் போகலாம்.

செந்நாயைச் சொன்னதால் ஒரு விளக்கம். நம்மூரில் பலர் இரண்டையும் ஒரே பிராணியாக நினைக்கிறார்கள். இரண்டும் கூட்டமாக வேட்டையாடும், இரண்டும் நாய்க் குடும்பம், அவ்வளவுதான். ஆப்பிரிக்கக் காட்டுநாய் தனிப் பேரினம். முன்னங்காலில் நான்கே விரல்கள். மற்ற நாயினங்களுக்கு முன்காலின் உட்புறம் சற்று மேலே தொங்கும் ஐந்தாவது விரல் இதற்குக் கிடையாது. அகன்று வட்டமான பெரிய காது, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் திட்டுத்திட்டாய்த் தெளித்த உடல், பெரும்பாலும் வெள்ளை நுனி வால். அந்தத் திட்டுகள் ஒரு நாய்க்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. செத்ஸ்வானா மொழியில் இதை லெட்லலேர்வா என்பார்கள். வண்டியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், உங்கள் கைடின் முகம் மலரும்.

சரி, அந்த மூன்று மாதம் எது? தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் குட்டி போடுவது பெரும்பாலும் மே கடைசியிலிருந்து ஜூலைக்குள். கூட்டத்தில் பொதுவாகத் தலைவி ஒருத்திதான் குட்டி போடுவாள், ஒரே ஈற்றில் பத்துக் குட்டி என்பது சாதாரணம். கரையான் தின்னும் ஆர்ட்வார்க் என்ற விலங்கு தோண்டிவிட்டுப் போன பழைய வளைதான் பெரும்பாலும் பிரசவ அறை. குட்டிகள் கூட்டத்தோடு ஓடப் பழக ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை, ஊர் சுற்றியே வாழ்ந்த கூட்டம் தினமும் அதே வளைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். காட்டுநாயைத் தேடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு வருடத்தில் கிடைக்கும் ஒரே நிலையான முகவரி அது. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை போங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அங்கோலா மலைகளில் பெய்த மழைநீர் வடிநிலத்துக்கு வந்து சேர்வதும் ஏறக்குறைய அதே சமயம். ஆகவே சில சாலைகள் தண்ணீரில் இருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள்.

இப்போது தடம். தடத்தை மட்டும் தொடர்ந்து போய்க் காட்டுநாயைப் பிடிக்க முடியாது என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. அவை நடப்பதே இல்லை, ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டே இருக்கும். முந்தின இரவுத் தடத்தை நீங்கள் குனிந்து பார்த்துக் கொண்டிருக்கும்போது அவை பத்துக் கிலோமீட்டர் தாண்டியிருக்கும். நிலா வெளிச்சம் இருந்தால் ராத்திரியிலும் வேட்டையாடும், அதனால் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலைத் தடத்தை நம்புவது இன்னும் கஷ்டம். ஆனால் அவை காலையில் வேட்டை முடித்து, வெயில் ஏறியதும் நிழல் பார்த்துப் படுத்துவிடும். சுமார் ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு வரை பெரும்பாலும் நகராது. ஆகவே அன்றைய விடியலில் விழுந்த தடம் என்று உறுதியாகத் தெரிந்தால், அதைத் தொடர்வது வீண் வேலை இல்லை. அந்தத் தடத்தின் முடிவில் எங்கோ ஒரு நிழலில் அவை தூங்கிக்கொண்டிருக்கின்றன.

எனவே முதலில் பார்க்க வேண்டியது தடத்தின் வயது. எங்களோடு இருந்த மூத்த தடங்காட்டி ஒருவர், அவரை நாங்கள் மரியாதையாக 'ரா' என்றுதான் கூப்பிடுவோம், வண்டியை விட்டு இறங்கியதும் காட்டுநாயின் தடத்தைப் பார்க்கவே மாட்டார். அதன் மேல் வேறு யார் நடந்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். வண்டுகளும் எலிகளும் ராத்திரியில் திரிபவை. அவற்றின் கோடுகள் காட்டுநாய்த் தடத்தின் மேல் ஓடினால் அது இரவுத் தடம். கௌதாரி விடிந்த பிறகு சாலையில் இறங்கும். கௌதாரி நடந்த இடத்தின் மேல் காட்டுநாய் மிதித்திருந்தால் உடனே வண்டியில் ஏறுங்கள். பனியில் நனைந்து மேல்மண் இறுகியபின் பதிந்த தடமா, தடம் பதிந்தபின் அதன் மேல் பனித்துளி சொட்டிக் குழி விழுந்திருக்கிறதா என்பது அடுத்த சோதனை. இதையெல்லாம் பார்த்துவிட்டு மணிக்கணக்காகவே நேரம் சொல்லும் கைடுகள் உண்டு. ஒரு எச்சரிக்கை: காற்றும் மண்ணும் நிழலும் மாறினால் இந்தக் கணிப்பும் மாறும். 'சூரிய உதயத்துக்கு முன்பா, பின்பா' என்ற அளவுக்கு நான் நம்புவேன். 'ஐம்பது நிமிடம் முன்பு' என்றால் நம்பமாட்டேன்.

அது காட்டுநாய்த் தடம்தானா என்பது அடுத்த கேள்வி. நகக் குறி தெரியும், ஆகவே சிங்கமோ சிறுத்தையோ இல்லை. குழப்பம் புள்ளிக் கழுதைப்புலியோடுதான் வரும். கழுதைப்புலியின் முன்பாதம் பின்பாதத்தைவிட நன்றாகப் பெரியது, அடித்திண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். காட்டுநாயின் பாதங்களில் அந்த அளவு வித்தியாசம் இல்லை, நடு விரல்கள் இரண்டும் நெருங்கி ஒட்டியே இருக்கும். தனித் தடத்தைவிட எனக்கு உதவியது கூட்டத்தின் நடைதான். எட்டுப் பத்து நாய்கள் சாலை அகலத்துக்குப் பரவி ஒரே திசையில் ஒரே வேகத்தில் போயிருக்கும். ஆனால் கிராமத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கவனம். ஊர் நாய்த் தடத்தையும் காட்டுநாய்த் தடத்தையும் ஒற்றைத் தடமாகப் பார்த்துப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே தடுமாற்றம்தான். நானே ஒரு காலை முழுவதும் மாடு மேய்ப்பவரின் நாய்களைத் தொடர்ந்து போயிருக்கிறேன்.

தடம் மறையும் இடத்தில், அதாவது சாலையை விட்டுப் புல்லுக்குள் இறங்கும் இடத்தில், கண்ணையும் காதையும் மற்ற பிராணிகளிடம் கொடுத்துவிட வேண்டும். சிறுத்தையையோ சிங்கத்தையோ பார்த்த இம்பாலா மான் நின்று, முறைத்து, திரும்பத் திரும்ப மூக்கால் சீறும். காட்டுநாயைப் பார்த்தால் நிற்காது. கூட்டமே நாலாபக்கமும் சிதறி ஓடும், சில பின்னங்காலை உதறி எம்பும். அப்படி ஓடிவரும் இம்பாலாக்கள் வந்த திசைதான் நீங்கள் போக வேண்டிய திசை. பாறுக் கழுகுகளை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் குளிர்காலத்தில் (அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் குளிர்காலம்) அவை தாமதமான சாட்சி. பெரிய கழுகுகள் வட்டமிட மேலெழும் சூடான காற்று வேண்டும், அது ஒன்பது மணிக்கு முன் கிடைப்பதில்லை. அதற்குள் ஒரு இம்பாலாவைக் கால் மணி நேரத்தில் தின்று முடித்து நாய்கள் போய்விட்டிருக்கும். உருவில் சிறிய, மெல்லிய அலகுள்ள ஹூடட் வல்ச்சர் என்ற பாறுக் கழுகைக் கவனியுங்கள். அது காட்டுநாய்களோடு ஒட்டிக்கொண்டே திரியும், வளையைச் சுற்றியுள்ள மரங்களிலும் உட்கார்ந்திருக்கும். எச்சில் துண்டு, சாணம் எதுவானாலும் அதற்கு உணவு. அப்புறம், விடியலில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பிரிந்துபோன நாய் மற்றவற்றைத் தேடிக் கூப்பிடும் குரல் 'ஊ... ஊ...' என்று தாழ்வாக, புறா கூவுவது போல வரும். நல்ல குளிர்ந்த காலையில் அது கிலோமீட்டர் கணக்கில் கேட்கும்.

ரேடியோ காலர் பற்றி. ஆய்வுக் குழுக்கள் சில கூட்டங்களில் ஒன்றிரண்டு நாய்களுக்கு மாட்டியிருக்கும். ஒரு கூட்டத்துக்கு ஒன்று போதும், ஏனென்றால் பிரியாமல் வாழ்வது அவற்றின் இயல்பு. ஆனால் அந்த அலைவரிசை சுற்றுலா முகாம்களுக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. கிடைத்தாலும் நீங்கள் நினைப்பதுபோல் வரைபடத்தில் புள்ளி மின்னாது. பழைய முறைக் காலரில், கரையான் புற்றின் மேல் ஏறி ஆன்டெனாவை நாலு பக்கமும் திருப்பி, எந்தப் பக்கம் 'டிக் டிக்' கூடுகிறது என்று கேட்க வேண்டும். தரையிலிருந்து சில கிலோமீட்டர்தான் எட்டும். செயற்கைக்கோள் காலர் வந்தபின் வேலை எளிது, ஆனாலும் வருவது சில மணி நேரத்துக்கு முந்தின இடம்தான். அங்கிருந்து மறுபடி தடமும் கௌதாரியும்தான் துணை.

காலர் மாட்டுவதே தவறு என்று ஒரு கருத்து உண்டு, நீங்களும் படித்திருக்கலாம். 1991-இல் செரெங்கெட்டி ஆய்வுப் பகுதியில் இருந்த கூட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மயக்க ஊசி போட்டுக் கையாண்டதும் தடுப்பூசி போட்டதும் தந்த அழுத்தம்தான் காரணம் என்று சிலர் வாதிட்டார்கள். வெறிநோய் போன்ற தொற்றுதான் காரணம், கையாளுதலுக்குச் சான்று இல்லை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் நிலை. நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். மானுக்கு வைத்த கம்பிக் கண்ணியில் கழுத்து மாட்டிய நாயை, காலர் இருந்ததால் தேடிப்போய் எங்கள் கால்நடை மருத்துவர் காப்பாற்றியதைப் பார்த்தவன் நான். இருந்தாலும் ஒவ்வொரு மயக்க ஊசிக்கும் காரணம் கேட்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பகல் பதினொரு மணி, பன்னிரண்டு நாய்கள் ஒன்றின்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்குகின்றன. பெரும்பாலான வண்டிகள் பத்து நிமிடம் படமெடுத்துவிட்டுப் போய்விடும். நீங்கள் மூன்றரை மணிக்குத் திரும்பி வந்து இன்ஜினை அணைத்துக் காத்திருங்கள். நான்கு, நாலரைக்கு ஒன்று எழும், சோம்பல் முறிக்கும், தலையைத் தாழ்த்திக் காதை மடித்து மற்றவற்றை முகர்ந்து எழுப்பும். திடீரென்று அத்தனையும் குருவிக் கூட்டம் போலக் கீச்சிட்டு ஒன்றையொன்று நக்கிக் குதித்து ஓடும். பார்க்கச் சிலிர்க்கும். சில நேரம் அப்படியே கிளம்பிவிடும், சில நேரம் மறுபடி படுத்துவிடும். எது நடக்கும் என்பதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது: தும்மல். போட்ஸ்வானாவில் ஐந்து கூட்டங்களைக் கவனித்து 2017-இல் வெளியான ஆய்வு, தும்மல் கூடினால் கிளம்பும் வாய்ப்பும் கூடுகிறது என்று காட்டியது. தலைவனோ தலைவியோ தொடங்கி வைத்தால் மூன்று தும்மல் போதும், கீழ்நிலை நாய் தொடங்கினால் பத்துப் போல வேண்டியிருந்தது. செய்தித்தாள்கள் 'காட்டுநாய்கள் வாக்களிக்கின்றன' என்று எழுதிவிட்டன. தும்மலும் கிளம்புதலும் சேர்ந்து வருவது உறுதி. அவை வேண்டுமென்றே தும்முகின்றனவா, கிளம்பும் பரபரப்பில் மூக்கைச் சுத்தம் செய்வதா என்பது இன்னும் திறந்த கேள்வி. நீங்கள் எண்ணிப் பாருங்கள். நான் ஒவ்வொரு முறையும் எண்ணியிருக்கிறேன்.

வேட்டையைப் பற்றி உங்கள் கைடு 'நூற்றுக்கு எண்பது வெற்றி, ஆப்பிரிக்காவிலேயே சிறந்த வேட்டைக்காரன்' என்று சொல்வார். அந்த எண் எங்கே எடுத்தது என்பதைப் பொறுத்தது. திறந்த வெளிகளில், கூட்டம் முழுவதின் ஓட்டங்களையும் சேர்த்து ஒரே வேட்டையாக எண்ணி, கடைசியில் ஏதாவது விழுந்தால் வெற்றி என்று கணக்கிட்டால் அப்படி உயர்ந்த எண்கள் வரும். ஒக்கவாங்கோவில் ஒரே கூட்டத்தின் ஆறு பெரிய நாய்களுக்கும் உணர்கருவி உள்ள காலர் மாட்டி 1,119 ஓட்டங்களைப் பதிவு செய்த ஆய்வு 2016-இல் வந்தது. அதில் தனித்தனி ஓட்டத்தில் வெற்றி நூற்றுக்குப் பதினைந்தை ஒட்டித்தான். ஓட்டங்கள் குறுகியவை, ஆளுக்கொரு பக்கம், திட்டமிட்ட சுற்றிவளைப்பு இல்லை. ஒன்றுக்குக் கிடைத்தால் எல்லோருக்கும் பங்கு என்பதால் கட்டுப்படியாகிறது. இதில் உங்களுக்கு என்ன? மரக்காட்டில் வேட்டையை முழுதாகப் பார்க்கப்போவதில்லை. ஒரு நாய் குறுக்கே பாய்வதைப் பார்ப்பீர்கள், பிறகு அமைதி, பிறகு எங்கோ கீச்சொலி. கைடு வண்டியை விரட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மொபானிக் கட்டைகள் டயரைக் கிழிக்கும், ஆர்ட்வார்க் குழியில் சக்கரம் இறங்கும். அதைவிட முக்கியம், இரையின் கவனத்தை வண்டி திருப்பினால் வேட்டையின் முடிவு நம்மால் மாறுகிறது.

வளை விஷயத்தில் மட்டும் நான் கறாராகப் பேசுவேன். குளிர்காலத்தில் வயிறு புடைத்து, முகத்தில் ரத்தம் காயாமல், எதையும் முகராமல் நேர்கோட்டில் ஓடும் நாயைக் கண்டால் அது வளைக்குத்தான் போகிறது. குட்டிகளுக்கும் காவலுக்கு இருந்தவர்களுக்கும் தின்றதைக் கக்கிக் கொடுக்க வேண்டும். என் மூன்றாவது வருடத்தில் இப்படி ஒன்றைத் தொடர்ந்து ஒரு வளையைக் கண்டுபிடித்தேன். குட்டிகள் வெளியே வரத் தொடங்காத சமயம். சந்தோஷத்தில் அடுத்தடுத்து மூன்று காலை போனேன், நாற்பது மீட்டரில் நிறுத்தினேன். நான்காம் நாள் வளை காலி. தாய் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய்விட்டாள். புது இடத்தில் பிறகு எண்ணியபோது ஏழு குட்டிகள்தான் இருந்தன. முதலில் எத்தனை இருந்தன என்பதை நாங்கள் பார்த்ததே இல்லை. தெள்ளுப்பூச்சி, சிங்கம் என்று பல காரணத்துக்காக அவை தாமாகவே வளை மாறுவதுண்டு. ஆகவே என்னால்தான் என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. வண்டித் தடம் கழுதைப்புலிக்கும் சிங்கத்துக்கும் வளைக்கு வழிகாட்டுகிறது என்பது களத்தில் பலரின் நம்பிக்கை. அதற்கும் உறுதியான சான்று குறைவு. ஆனால் தவறினால் போவது குட்டிகளின் உயிர். குட்டிகள் வெளியே விளையாடத் தொடங்கும் மூன்று நான்கு வாரம் வரை வளைக்குப் போகவே கூடாது, அதன் பிறகும் ஒரு நேரத்தில் ஒரு வண்டி, தூரத்தில், இன்ஜின் அணைத்து, யாரும் இறங்காமல் என்பதே நான் அதற்குப் பிறகு கடைப்பிடித்த வழக்கம்.

எவ்வளவு கிட்டே என்றால், மீட்டர் கணக்கு சொல்லமாட்டேன். தூங்கும் நாய் தலை தூக்கி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் அதிகம் கிட்டே வந்துவிட்டீர்கள். அவை உங்களைத் தாக்குமா என்ற பயம் வேண்டாம். காட்டில் சுதந்திரமாகத் திரியும் காட்டுநாய் மனிதரைக் கொன்றதாக நம்பத்தகுந்த பதிவு கிடையாது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் மிருகக்காட்சிசாலையில் 2012-இல் ஒரு குழந்தை அடைப்புக்குள் விழுந்து இறந்தது, அது அடைத்து வைத்த சூழல். நடந்து போய்ப் பார்ப்பதில் ஆபத்து நாய்களால் இல்லை, வழியில் படுத்திருக்கும் எருமையாலும் குட்டியோடு நிற்கும் யானையாலும்தான். நடையாகத் தேட ஆசை இருந்தால் ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் அதற்குப் பெயர்பெற்ற இடம், அங்கும் துப்பாக்கி உரிமம் உள்ள கைடோடு மட்டும் போங்கள்.

உங்கள் நான்கு இரவையும் ஒரே முகாமில் வையுங்கள், இரண்டு இரண்டாகப் பிரிக்காதீர்கள். பணம் கட்டும் முன் முகாமுக்கே எழுதிக் கேளுங்கள்: உங்கள் பகுதியில் இந்த வருடம் வளை தெரிந்திருக்கிறதா, வளையில் எத்தனை வண்டி அனுமதி, சாலையை விட்டு இறங்க அனுமதி உண்டா. ஒக்கவாங்கோவின் மொரெமி காப்பகத்துக்குள் சாலையை விட்டு இறங்கக் கூடாது. அதை ஒட்டிய தனிக் குத்தகைப் பகுதிகளில் முடியும், தடம் புல்லுக்குள் இறங்கும்போது இந்த வித்தியாசம்தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். கைடுக்கோ தடங்காட்டிக்கோ சைபர்டிராக்கர் தேர்வுச் சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள், தடம் பார்க்கும் திறனை மண்ணில் வைத்துச் சோதித்துத் தருகிற சான்று அது.

பார்த்துவிட்டால், ஒவ்வொரு நாயையும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று முழு உடலும் தெரிய இரண்டு படம் எடுங்கள். முகப் படம் அழகுக்கு, பக்கவாட்டுப் படம்தான் அடையாளத்துக்கு. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் பயணிகள் அனுப்பிய இப்படிப்பட்ட படங்களை வைத்தே பல முறை காட்டுநாய்க் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. தேதியும் இடமும் குறித்து, அந்தப் பகுதியில் வேலை செய்யும் ஆய்வுக் குழுவுக்கு முகாம் வழியாகவே கொடுத்துவிடுங்கள். சமூக ஊடகத்தில் போடும்போது இடக்குறியை நீக்கிவிடுங்கள், வளைப் படமாக இருந்தால் செப்டம்பர் முடியும்வரை போடவே வேண்டாம்.